முதுமலையின் மஞ்சள் கொன்றையும் அழகு மரங்களை மதிப்பிடும் முறையும்

அழகுக்காக நடப்படும் ஒரு மரம் காட்டுக்குள் புகுந்து பரவுமா என்பதை முன்கூட்டியே கணிக்க இயலுமா என்று நண்பர்கள் கேட்பதால், முதுமலைப் பகுதியில் கண்டதை எழுதுகிறேன்.

செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தெப்பக்காடு வழியாகச் செல்வோர் மஞ்சள் பூக்களைக் கண்டு வண்டியை நிறுத்திப் படமெடுப்பதுண்டு. பலர் அதைச் சரக்கொன்றை என்றே எண்ணுகின்றனர். சரக்கொன்றை நம் மண்ணின் மரம். கோடையில் பூக்கும், கொத்துகள் கீழ்நோக்கித் தொங்கும். இதுவோ வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்கும் நிழலுக்குமாகக் கொண்டுவரப்பட்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸ்; தலைப்பில் நான் மஞ்சள் கொன்றை என்றது இதைத்தான். இதன் கொத்துகள் கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். வனத்துறையினருடன் அம்மரக் கூட்டத்துக்குள் நடந்தபோது, மானும் காட்டெருதும் மேய்வதற்குரிய புல் அந்த நிழலில் ஏறக்குறைய இல்லாதிருப்பதைக் கண்டேன். முன்பு வெட்டப்பட்ட அடிக்கட்டைகள் ஒவ்வொன்றிலிருந்தும் பல தண்டுகள் கிளம்பியிருந்தன. வெட்டுவதைவிட அடிமரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்து மரத்தைக் காயவிடுவதும், நாற்றுகளை வேரோடு பிடுங்குவதுமே பயன் தருவதாக உடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் விளக்கினார்.

ஒரு தாவரம் இவ்வாறு பரவுமா என்று முன்கூட்டியே மதிப்பிட உலகில் பரவலாகப் பயன்படுவது ஆஸ்திரேலியாவில் உருவான 49 வினாக்கள் கொண்ட களை இடர் மதிப்பீடு. விடைகளுக்கான மொத்த மதிப்பெண் 6-ஐத் தாண்டினால் அந்த இனத்தை அனுமதிக்காமல் மறுக்க வேண்டும். 1-க்குக் கீழ் என்றால் ஏற்கலாம். இடைப்பட்டவற்றை மேலும் ஆராய வேண்டும். விதை எவ்வாறு பரவுகிறது, வெட்டினால் துளிர்க்கிறதா என்பவற்றோடு, வேறு நாடுகளில் களையாகியுள்ளதா என்றும் அது கேட்கிறது. என் கருத்தில் இந்தக் கடைசி வினாவே மற்றவற்றைவிட எடை மிக்கது. தான்சானியாவின் மகாலே மலைகளில், சிம்பன்சிகள் வாழும் காட்டில், 1960களில் நடப்பட்ட இதே மரம் பின்னர் பரவிக் கட்டுப்படுத்த வேண்டிய நிலைக்கு வந்தது. நம்முடையதை ஒத்த வெப்பமண்டலச் சூழலில் கிடைத்த சான்று அது.

எனினும் இம்முறையில் ஒரு குறை உண்டு. விடை தெரியாத வினாவுக்கு மதிப்பெண் கிடையாது. குறைந்தது 10 வினாக்களுக்கு விடையிருந்தாலே மதிப்பிட்டுவிடலாம். ஆகவே, அதிகம் ஆராயப்படாத மரம், தகவல் இல்லை என்ற ஒரே காரணத்தால் தீங்கற்றதுபோல் தோன்றிவிடும். புதிதாக விற்பனைக்கு வரும் அலங்கார மரங்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை என்பதே எனக்குக் கவலை.

இப்படி வெளியிலிருந்து வந்து பரவும் ஊடுருவல் தாவரங்களுக்கென 2022-இல் தமிழ்நாடு அரசு கொள்கை வகுத்தது; அகற்றப்படும் சென்னா மரங்கள் காகிதக் கூழுக்கும் பயன்படுகின்றன. அது நல்ல ஏற்பாடே, ஆனால் பரவிய பின்னர் செய்வது. மலைச்சாலைகளில் இன்றும் விரும்பி நடப்படும் ஆப்பிரிக்க துலிப் மரமோ, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் ஏற்கெனவே உள்ளது. அதன் மெல்லிய விதைகள் காற்றில் பறக்கும், வேரிலிருந்தும் கன்றுகள் கிளம்பும். காட்டை ஒட்டிய நிலத்தில் அதை நட எவரேனும் கருத்துக் கேட்டால், மதிப்பெண் கூட்டிப் பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.