நோ-கீ நேம்: 'சாவியிலாப் பெயர்' எனலாமா?

வணக்கம்.

'நோ-கீ நேம்' (no-key name) என்ற கணினிச் சொல்லுக்குத் தமிழில் மறைபெயர், பூட்டுப்பெயர் என இரண்டு முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

லினக்ஸில் கோப்புகளை மறையாக்கும் (என்கிரிப்ட் செய்யும்) வசதியான எஃப்எஸ்கிரிப்ட்டில் ஓர் அடைவை (ஃபோல்டரை) மறையாக்கினால் கோப்புகளின் பெயர்களும் சேர்ந்து மறைகின்றன. சாவி இல்லாவிட்டாலும் அடைவைப் பட்டியலிடலாம். உண்மைப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற எழுத்துக்கோவைகள் தெரியும். இவைதான் 'நோ-கீ நேம்'கள். அவற்றைக் கொண்டு கோப்பை அழிக்கலாம். ஆனால் திறக்கவோ புதிதாக உருவாக்கவோ போனால் 'தேவையான சாவி கிடைக்கவில்லை' என்ற பிழைதான் வரும்.

மறைபெயர் என்றால் புனைபெயர் போல ஒலிக்கிறது. அதோடு, வட்டில் கிடக்கும் மறையாக்கிய பெயருக்கும் அது பொருந்திவிடும். லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4இல் அந்த மறையாக்கிய பெயர்கள் வெறும் பைட்டுகள். அடைவுப் பெயர்களைப் பிரிக்கும் சாய்கோடுகூட நடுவில் வந்துவிடலாம். அதனால்தான் காட்டுவதற்கென்று தனியாக எழுத்தாக்குகிறார்கள். பூட்டுப்பெயரில் வேறு சிக்கல்: 'கோப்புப் பூட்டு' ஏற்கெனவே 'ஃபைல் லாக்'குக்கு வழங்குகிறது. பிணையக் கோப்பு முறைமையைப் பற்றி எழுதும்போது அந்தப் பூட்டு பத்திக்குப் பத்தி வரும்.

அப்படியொரு பிணையக் கோப்பு முறைமையான செஃப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் லினக்ஸ் 6.6இல் எஃப்எஸ்கிரிப்ட் வசதி அதற்கு வந்தது. மறையாக்கம் முழுக்கக் கிளையண்டில்தான். சர்வருக்குச் சாவி போவதே இல்லை. சர்வருக்கு ஒருமுறை போய்வருவதை மிச்சப்படுத்த, பெயரைத் தேடுவதையும் கோப்பைத் திறப்பதையும் ஒரே கோரிக்கையில் அனுப்புகிறார்கள். அந்தக் கோரிக்கையில் மறையாக்கிய பெயர் இருக்க வேண்டும். ஆகவே அனுப்பும் முன்பே தாய் அடைவின் சாவி ஏறியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஏறவில்லை என்றால், பயனர் தந்த பெயரைச் சாவி இல்லாத நிலைப் பெயராகக் கொண்டு, தற்காலிக நினைவகத்தில் அப்படியே குறியிட வேண்டும். அப்புறம் சாவி ஏறியதும் அந்தப் பதிவு செல்லாது. புதிதாகத் தேட வேண்டும்.

ஆக, இது கோப்பின் பெயரே அல்ல, ஒரு நிலையின் பெயர். சொல்லிலேயே அந்த நிலை தெரிய வேண்டும் என்பதால்தான் 'சாவியிலாப் பெயர்' என்கிறேன். சாவியேற்றம், சாவிநீக்கம், சாவியிலா நிலை என்று கூடவே ஒரு குடும்பமும் கிடைக்கிறது.

சாவிக்குப் பதில் 'திறவுகோல்' என்போருக்கு: கோப்பைத் திறப்பதும் சாவியை ஏற்றுவதும் தனித்தனிச் செயல்கள். 'திறவுகோல் இருந்தும் கோப்பு திறக்கப்படவில்லை' என்ற வாக்கியம் வாசகரை வீணாகத் தடுமாற வைக்கும்.

தேடலும் திறப்பும் சேர்ந்த அந்தக் கோரிக்கையை, அதாவது 'அட்டாமிக் ஓப்பன்' என்பதை, 'தேடுதிறப்பு' என எழுதிப் பார்த்தேன். இடையில் பிரிக்க முடியாது என்ற பொருள் அதில் வரவில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.