டெப் பேக்கேஜ்ல நம்ம பைத்தான் மாட்யூலை எங்க வைக்கணும்?

கேள்வி:
வணக்கம் மக்களே, திஸ்கிங்கிற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறைல இருக்கிற ஃபைலை யூனிகோடுக்கு மாத்த பைத்தான்ல ஒரு சின்ன டூல் எழுதியிருக்கேன், ஆபீஸ்ல எல்லாரும் டெபியன் 12 லினக்ஸ் தான் அதனால டெப் பேக்கேஜா (டெபியன்ல இன்ஸ்டால் பண்ற ஃபைல்) போட்டுக் கொடுத்துடலாம்னு இறங்கினேன். மெயின் ஸ்கிரிப்ட் /யூஎஸ்ஆர்/பின்ல, கூட இருக்கிற யுடில்ஸ், கன்வெர்ட் மாட்யூல் ரெண்டும் /யூஎஸ்ஆர்/லிப்/பைத்தான்3/டிஸ்ட்-பேக்கேஜஸ்ல. என் மெஷின்ல நல்லா ஓடுச்சு. பக்கத்து சீட்டுக்காரர் மெஷின்ல போட்டா, இந்த யுடில்ஸ் ஃபைல் ஏற்கனவே வேற ஒரு பேக்கேஜோடதுன்னு சொல்லி, டெப்பை இன்ஸ்டால் பண்ற டிபிகேஜி நின்னுடுச்சு. இப்ப /யூஎஸ்ஆர்/லோக்கல் கீழ வைக்கவா, இல்ல போஸ்ட்இன்ஸ்ட்ல (டெப் இன்ஸ்டால் ஆகும்போது ஓடுற ஸ்கிரிப்ட்) பைத்தானோட சொந்த இன்ஸ்டாலரான பிப்பை ஓட விடவா?

பதில் 1:
ரெண்டும் வேண்டாம் ப்ரோ. /யூஎஸ்ஆர்/லோக்கல் அந்த மெஷினைப் பார்த்துக்கிறவருக்குன்னு விட்ட இடம், பேக்கேஜ் அங்க ஃபைல் வைக்கக்கூடாது. பிப்பை டெபியன் 12ல ரூட்டா ஓட்டினா எக்ஸ்டர்னலி மேனேஜ்டுன்னு எர்ரர் வரும், பெப் 668ங்கிற பைத்தான் விதி வந்ததுலேர்ந்து அப்படித்தான், அதை வம்படியா தாண்டிப் போட்டாலும் அந்த ஃபைல் எதுவும் டிபிகேஜி கணக்குல இருக்காது, நாளைக்கு பேக்கேஜை எடுத்தாலும் அதுங்க அப்படியே கிடக்கும்.
உங்க மாட்யூலை வேற யாராவது அவங்க ப்ரோகிராம்ல இம்போர்ட் பண்ணுவாங்களா? பண்ணுவாங்கன்னா டிஸ்ட்-பேக்கேஜஸ் சரி, ஆனா டூல் பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டு உள்ள வைங்க, யுடில்ஸ்ங்கிற பேரை வெளிய தனியா விட்டா எவனோடயாவது முட்டத்தான் செய்யும். உங்க டூலுக்கு மட்டும்தான்னா /யூஎஸ்ஆர்/ஷேர் கீழ பேக்கேஜ் பேர்ல ஒரு ஃபோல்டர், எல்லாம் அதுக்குள்ள.

கேட்டவர்:
எனக்கு மட்டும்தான் ப்ரோ. ஆனா அங்க வச்சா பைத்தான் எப்படி கண்டுபிடிக்கும், சிஸ்.பாத்ல (பைத்தான் மாட்யூலைத் தேடுற ஃபோல்டர் லிஸ்ட்) நானே சேர்க்கணுமா?

பதில் 1:
தேவையே இல்ல. மெயின் ஸ்கிரிப்டையும் அதே ஃபோல்டர்ல வச்சிட்டு பின்ல அதைக் காட்டுற ஒரு சிம்லிங்க் (ஷார்ட்கட் மாதிரி) மட்டும் போடுங்க. பைத்தான் சிம்லிங்க் பின்னாடியே போய் நிஜ ஸ்கிரிப்ட் இருக்கிற ஃபோல்டரைத்தான் சிஸ்.பாத்ல முதல்ல வைக்கும், யுடில்ஸ் தானா கிடைச்சிடும்.

பதில் 2:
இன்னும் ரெண்டு விஷயம் தம்பி, நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டது. மேல ஷிபாங் வரில (ஸ்கிரிப்ட் எதுல ஓடணும்னு சொல்ற முதல் வரி) என்வ் போடாம நேரா /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 போடுங்க, இல்லன்னா யாராவது வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (தனியா பிரிச்சு வச்ச பைத்தான்) ஆன்ல இருக்கும்போது உங்க டூலைக் கூப்பிட்டா அந்த பைத்தான்ல ஓடும், அங்க நீங்க டிபெண்டன்சியா கேட்ட மாட்யூல் இருக்காது. அப்புறம் பைத்தான் கம்பைல் பண்ணி வைக்கிற பைகேஷ் ஃபோல்டரை டெப்ல சேர்க்காதீங்க, பேக்கேஜ் கட்டும்போது டிஎச்_பைத்தான்3ங்கிற டூலை ஓட விட்டா இன்ஸ்டால் ஆகும்போது கம்பைல் பண்றதையும் எடுக்கும்போது துடைக்கிறதையும் அதுவே பார்த்துக்கும், /யூஎஸ்ஆர்/ஷேர் கீழ உள்ள உங்க ஃபோல்டருக்கும் சேர்த்து.
சி-ல எழுதி கம்பைல் பண்ண .எஸ்ஓ ஏதாவது இருந்தா மட்டும் ஷேர் ஆகாது, ஷேர் எந்த ஆர்க்கிடெக்சருக்கும் (ப்ராசஸர் வகை) பொதுவான ஃபைலுக்குத்தான், அதை /யூஎஸ்ஆர்/லிப் கீழ வைக்கணும்.

பதில் 3:
ஃபெடோரா லினக்ஸுக்கும் ஆர்பிஎம் (அங்க டெப்புக்கு பதிலா வர்றது) போடுற எண்ணம் இருந்தா ஒண்ணு கவனிங்க. டெபியன்ல டிஸ்ட்-பேக்கேஜஸ் பாதைல வெறும் பைத்தான்3 தான், ஃபெடோராவுல சைட்-பேக்கேஜஸ், அதுவும் 3.12, 3.13னு வெர்ஷன் நம்பரோட இருக்கும், பைத்தான் மாறினா அதுல இருக்கிறதை எல்லாம் ரீபில்ட் பண்ணணும். ஆர்பிஎம்மை எப்படி கட்டணும்னு சொல்ற ஸ்பெக் ஃபைல்ல பாதையை கையால எழுதாம பைத்தான்3_சைட்லிப் மேக்ரோ போடுங்க.

கேட்டவர்:
ஷேருக்கு மாத்திட்டேன், சிம்லிங்க்கும் போட்டாச்சு, பக்கத்து சீட்டு மெஷின்ல இப்பதான் இன்ஸ்டால் ஆச்சு, ஓடுது. ரொம்ப நன்றி எல்லாருக்கும்.