புதுப்பிப்பு: சிறார் நாவல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது

பன்னிரண்டு வயதினருக்கான நாவலை எப்படி எழுதுவது என்று முன்பு கேட்டிருந்தேன். அச்சுக்கு அனுப்பும் முன் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுமாறு பலர் சொன்ன யோசனையே பெரிதும் உதவியது. எங்கள் ஊர் நூலகத்தில் வாசித்தபோது, ஆற்று மணலை வருணிக்கும் பத்தியில் ஒரு சிறுமி மீதமுள்ள தாள்களை எண்ணத் தொடங்கினாள். ஆடு களவுபோன இடம் வந்ததும், திருடன் யாரென்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள் (அவள் சொன்னது வேறோர் ஆளை என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி). வருணனையைச் சுருக்கி, பெரியவர்கள் அறிவுரை சொல்லும் இடங்களை அடியோடு நீக்கிவிட்டேன். சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் என்ற சிறார் இலக்கிய விருதை வழங்கிவந்தாலும், நான் அணுகிய பதிப்பகங்கள் பதின்பருவத்தினருக்கான நாவலைவிடப் படக்கதையையே விரும்பிக் கேட்டன. ஒரு பதிப்பகம் மட்டும் முதல் மூன்று அத்தியாயங்களைக் கேட்டிருக்கிறது. ஓவியருக்கான ஊதியத்தை யார் தருவது என்பது இன்னும் பேசி முடியவில்லை.