நாஸுக்கு ஃபைல் அனுப்பினால் நெட்வொர்க் அறுந்துபோகிறது, உதவுங்கள்

நண்பர்களே, தங்கை கல்யாண வீடியோ மொத்தம் 180 ஜிபி. டெஸ்க்டாப்பிலிருந்து வீட்டு நாஸுக்கு (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) காப்பி போட்டால் நொடிக்கு 110 எம்பி வேகத்தில் ஜோராகக் கிளம்புகிறது. கிகாபிட் லைனுக்கு அது சரிதான். இரண்டு மூன்று ஜிபி தாண்டியதும் வேகம் பூஜ்யம். லேன் கார்டே துண்டித்து மறுபடி இணைகிறது. நாஸிலிருந்து இங்கே எடுக்கும்போது மட்டும் ஒரு தொல்லையும் இல்லை!

அதே கேபிளை லேப்டாப்பில் செருகினேன், முழுசாகப் போனது. அதனால் கேபிள், நெட்வொர்க் ஸ்விட்ச், நாஸ் மூன்றின் மேலும் எனக்குச் சந்தேகமில்லை. போன வாரம் லேன் கார்டின் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) தானாக அப்டேட் ஆனதிலிருந்துதான் இந்தக் கூத்து. கார்டில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்டை அணைத்தும் பார்த்தாயிற்று.

அனுப்பும்போது மட்டும் வருவதால், அனுப்பும் டேட்டாவைத் துண்டு போடும் வேலையை லேன் கார்டிடமே விடும் லார்ஜ் சென்ட் ஆஃப்லோடை நிறுத்திப் பார்க்கலாமா? அல்லது பழைய டிரைவருக்கே போய்விடுவது நல்லதா? அப்படியென்றால் மறுபடி தானாக அப்டேட் ஆகாமல் எப்படித் தடுப்பது?