மறு: ‘ஃபிளிப்டு கிளாஸ்ரூம்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சிக் கையேட்டை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஃபிளிப்டு கிளாஸ்ரூம்’ என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. 2007இல் கொலராடோவில் பெர்க்மன், சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வர முடியாதவர்களுக்காகப் பாடத்தைப் பதிவுசெய்து தந்ததிலிருந்து பரவிய முறை. விளக்கத்தை வீட்டில் கேட்டுவிட்டு வர வேண்டும். கணக்கை வகுப்பில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது போட வேண்டும். ‘தலைகீழ் வகுப்பறை’ என்று வரைவில் எழுதினேன். படித்த ஆசிரியை ஒருவர், “எங்கள் எட்டாம் வகுப்பு ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது” என்றார்.
– க., திருச்சி

க. அவர்களுக்கு,
‘தலைகீழ்’ வசைச்சொல். ‘மறி’ என்ற வினை எதற்கு இருக்கிறது? மறிதல் என்றால் புரளுதல், மறிதிரை நினைவில்லையா? ‘மறிவகுப்பு’ – வினைத்தொகை, ஆறே எழுத்து. ‘அறை’யும் வேண்டாம். அறைதல் என்றால் சொல்லுதல். ஆசிரியர் அறைவதைக் குறைக்கத்தானே இந்த முறை?
– புலவர் த., தஞ்சாவூர்

ஐயா, ‘மறிக்குரல் அறுத்து’ என்கிறது குறுந்தொகை. மறிவகுப்பு என்றால் ஆட்டுக்குட்டிகளின் வகுப்பு என்று நான் படித்தால் யார் தடுப்பது? இன்றைய ஆசிரியருக்கோ மறியல்தான் நினைவுக்கு வரும்.

சொல் இருக்கட்டும். கையேட்டில் ‘காணொலி’ இல்லாமல் இந்த முறையே இல்லை என்பதுபோல் எழுதிவிடாதீர்கள். என் மாணவர்கள் பலர் வீட்டில் ஒரே கைபேசி. அது அப்பாவுடன் காலையில் வேலைக்குப் போய் இரவு ஒன்பதுக்குத் திரும்பும். பாடநூலின் க்யூஆர் குறியீட்டை அதற்குப் பிறகு யார் திறப்பது? ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களிலேயே மாணவர்களை முன்கூட்டிப் படித்துவரச் சொல்லி, வகுப்பில் ஒருவரோடு ஒருவரை வாதிட வைத்தார். அதற்குப் பாடநூல் போதும். ஆகவே ‘முன்பயில் வகுப்பு’.
– செ., மதுரை (கணித ஆசிரியர்)

‘முன்பயில் வகுப்பு’ கேட்டவுடன் விளங்குகிறது. ஆனால் முன்பள்ளியோடு குழம்பும். எங்கள் பக்கம் பாலர் வகுப்பை முன்பள்ளி என்றே சொல்வோம். கூடவே ஒன்று: கையேட்டில் ‘அசைன்மென்ட்’ என்று பலமுறை வருகிறதே, ‘ஒப்படை’ என்று போடலாமே. இலங்கையில் நெடுங்காலமாக வழக்கில் உள்ள சொல்.
– சி., யாழ்ப்பாணம்

‘ஒப்படை’ என்பது ஏவல்வினை, பெயராகாது.
– புலவர் த.

நடை, கொடை, விடை என்று தொடங்கி இன்னொரு இழை ஓட வேண்டாம், ஐயா. ‘படை’ ஏவலும் பெயருமாக நிற்கிறதே.
– சி.

செ. அவர்களுக்கு ஒரு மறுப்பு மட்டும். ஆசான் சொன்னதை முழுக்கக் கொண்டாலும் கால் பங்குதான் பிடிபடும், ‘காற்கூறு அல்லது பற்றலன்’ என்கிறார் நன்னூலில் பவணந்தி. அடுத்த கால் உடன் படிப்பவரோடு ‘பயில்வகை’யால் வருகிறது, மீதி அரை, தானே பிறருக்கு உரைப்பதால். ஆக, கேட்டல் வேறு, பயில்தல் வேறு. இந்த முறையில் வீட்டில் நடப்பது கேட்டல், பயில்வது வகுப்பில். ‘முன்பயில்’ என்றால் பொருளே இடம்மாறிவிடுகிறது. ‘மறி’யை விட்டுக்கொடுக்கிறேன். ‘பயில்வகுப்பு’ என்று வையுங்கள்.
– புலவர் த.

நன்னூல் வாதம் சரி. ஆனால் ‘பயில்வகுப்பு’ என்று பலகையில் எழுதினால் டியூஷன் என்று நினைத்துப் பெற்றோர் கட்டணம் கேட்பார்கள். ‘முன்கேள் வகுப்பு’?
– செ.

‘முன்கேள்’ என்றால் முன்னால் போய்க் கேள்வி கேள் என்றாகிறது.
– சி.

வியாழன் இரவு ஆகிவிட்டது. மூவர் ‘முன்பயில் வகுப்பு’க்கு ஒப்புதல் தந்திருக்கிறார்கள், அதுவே அச்சுக்குப் போகிறது. முதல் இடத்தில் மட்டும் பிறை அடைப்பில் ‘தலைகீழ் வகுப்பறை’யும் இருக்கும், தேர்வில் அதைத்தான் கேட்பார்கள். ‘ஒப்படை’யைச் சேர்த்துவிட்டேன். நன்னூல் செய்தியை ஆறாம் பக்கத்துப் பெட்டிச் செய்தியாக்கியிருக்கிறேன்.
– க.

என் பெயரை நன்றியுரையில் சேர்க்க வேண்டாம். ‘பயில்’ தவறான இடத்தில் நிற்கிறது.
– புலவர் த.