டார்க் தீமில் கண் வலி, லைட் தீமில் வீடியோ வெளிறுகிறது: எதை வைத்து எடிட் செய்வது?

முகூர்த்தஎடிட் (கேள்வி)

வணக்கம். கும்பகோணம் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறோம். கேமரா என் கணவர், எடிட்டிங் நான். கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளில் 4 வருடமாக வேலை செய்கிறேன். பிள்ளை தூங்கிய பிறகு இரவு 10 மணிக்குத்தான் உட்கார முடியும். அதே அறையில் அவன் படுத்திருப்பதால் விளக்கு போடுவதில்லை.

இவ்வளவு நாளும் அதில் பிரீஸ் டார்க் தீம்தான், அதாவது பேனல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் இருக்கும் தோற்றம்தான் வைத்திருந்தேன். ஆறு மாதமாக மெனுவில் உள்ள வெள்ளை எழுத்தெல்லாம் இரட்டையாக, ஓரத்தில் ஒளி கசிகிற மாதிரி தெரிந்தது. கண் டாக்டரிடம் போனேன். சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு சீராக இல்லாததற்கான பவர்) ஏறியிருக்கிறது என்று கண்ணாடி மாற்றிக் கொடுத்தார். கறுப்பில் வெள்ளை எழுத்தைவிட வெள்ளையில் கறுப்பு எழுத்து படிக்க எளிது என்றும் சொன்னார். அன்றைக்கே லைட் தீமுக்கு மாறினேன். எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

ஆனால் அதற்குப் பிறகு எடிட் செய்த முதல் கல்யாணத்தைப் பெண் வீட்டார் டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை வேட்டியின் ஜரிகைக்கரையே இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. ஹோமப் புகை மண்டபம் முழுக்கப் பரவிய மாதிரி இருந்தது. கூறைப்புடவையின் அரக்கு வெளுத்துப்போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. என் மானிட்டரில் நன்றாகத்தான் இருந்தது, சத்தியமாக. தாலி கட்டும் ஷாட்டை இனி திரும்ப எடுக்க முடியாது, அதனால் மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. தீம் மாற்றியதால் இப்படி ஆகுமா?

இன்னொன்று. லைட் தீமில் டைம்லைனில் உள்ள கிளிப் எல்லாம் எனக்கு ஒரே மாதிரி தெரிகிறது. முகூர்த்தம் எது, ரிசப்ஷன் எது என்று தேட வேண்டியிருக்கிறது. அதற்கு வழி உண்டா?

சாம்பல்சுவர்

ஆகும், சகோதரி. ஆனால் தீம் ஒன்று மட்டும் இவ்வளவு செய்திருக்காது என்று நினைக்கிறேன். ஒரு கேள்வி: லைட் தீம் போட்ட பிறகு மானிட்டர் பிரைட்னஸைக் குறைத்தீர்களா?

முகூர்த்தஎடிட்

ஆமாம் அண்ணா. இருட்டில் வெள்ளைத் திரை கண்ணைக் கூசியது. 80இல் இருந்ததை 35க்குக் கொண்டுவந்தேன்.

சாம்பல்சுவர்

அங்கேதான் விஷயம் இருக்கிறது. பிரைட்னஸைக் குறைத்தபோது மெனுவோடு சேர்ந்து படமும் மங்கிவிட்டது. மங்கலாகத் தெரிந்த படத்தை நீங்கள் கலர் கரெக்ஷனில் தூக்கிவிட்டீர்கள். அவர்கள் டிவியில் மங்கல் இல்லை, நீங்கள் தூக்கியது மட்டும் இருந்தது. தீமின் பங்கு இதற்கு மேல்தான் வருகிறது.

பாரிஸில் கோபெலின் என்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் செவ்ரேல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூலுக்குச் சாயம் சரியாக ஏறவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்துப் பார்த்தார், குறையே இல்லை. கறுப்பை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் அது சோகையாகத் தெரிந்தது. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் பக்கத்து நிறமும் தீர்மானிக்கிறது என்று 1839இல் விரிவாக எழுதினார். எடிட்டிங் மென்பொருளுக்கும் அதேதான். சுற்றிலும் வெள்ளைப் பேனல் இருந்தால் நடுவில் உள்ள படம் இருட்டாகத் தெரியும், கை தானாக வெளிச்சத்தை ஏற்றும். சுற்றிலும் கறுப்பு, அறையும் இருட்டு என்றால் படத்தில் கான்ட்ராஸ்ட் குறைவாகத் தெரியும், கை அதை ஏற்றும், நிழல் எல்லாம் அடைத்துக்கொள்ளும். உங்கள் பழைய வேலைகளை இப்போது எடுத்துப் பாருங்கள். ரிசப்ஷன் காட்சியில் தலைமுடியும் கறுப்புக் கோட்டும் ஒட்டிக்கொண்டு கிடக்கலாம்.

இதனால்தான் கிரேடிங், அதாவது வீடியோவின் நிறத்தைச் சரிசெய்யும் வேலை, நடக்கும் அறைச் சுவருக்குச் சாம்பல் அடிக்கிறார்கள். எந்தப் பக்கமும் சாயாத சாம்பல். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் பேனல்கள்கூட வெறும் கருஞ்சாம்பல் இல்லை, லேசாக நீலம் கலந்தவை. அந்த நீலத்தை எடுத்துவிட பிரிஃபரன்ஸில் யூசர் பகுதியில், யுஐ செட்டிங்ஸில், கிரே பேக்கிரவுண்ட் என்று ஒரு டிக் இருக்கிறது. படத்தைச் சுற்றியுள்ள கறுப்பைச் சாம்பலாக்க அதனருகிலேயே தனியாக இன்னொன்று. நான் ரிசால்வ் நிறுவியதும் முதலில் தொடுவது இந்த இரண்டையும்தான். மஞ்சள் பூசிய முகத்தை நாள் முழுக்கப் பார்க்கிறவனுக்குச் சுற்றிலும் துளி நீலம் இருந்தாலும் மஞ்சள் கூடித் தெரியும்.

கேடென்லைவில் நீங்கள் செய்ய வேண்டியது: கன்ஃபிகர் போய் பிளேபேக் பகுதியில் மானிட்டர் பேக்கிரவுண்ட் நிறத்தை நடுத்தரச் சாம்பலாக மாற்றுங்கள். தீமையும் கறுப்பு, வெள்ளை இரண்டும் வேண்டாம், இடைப்பட்டதாகத் தேர்ந்தெடுங்கள். பிரைட்னஸை ஓர் இடத்தில் நிறுத்தி, பொத்தான் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். சாதாரண எஸ்டிஆர் வீடியோவுக்குக் கிரேடிங் மானிட்டரில் உச்ச வெள்ளையை 100 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு) என்று வைப்பது வழக்கம். அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே அளவில் நிலையாக இருப்பதே பெரிய உதவி. அப்புறம் மானிட்டரின் பின்னால், சுவரைப் பார்த்து, 6500 கெல்வின் உள்ள சின்ன எல்இடி பட்டை ஒன்று. பிள்ளை முகத்தில் வெளிச்சம் விழாது, உங்கள் கண்மணியும் இருட்டுக்காக அகல விரியாது. அகல விரியும்போதுதான் சிலிண்டர் பவரின் கசிவு கூடுகிறது.

கண்ணை நம்பாத இடத்தில் வேவ்ஃபார்மை, அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தை நம்புங்கள். அதற்குத் தீமும் தெரியாது, இருட்டும் தெரியாது. வேட்டி மேல் கோட்டில் முட்டிக்கொண்டு தட்டையாக நின்றால் ஜரிகை போய்விட்டது என்று பொருள்.

சிவப்புபச்சை

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன், அக்கா. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. என்னைப் போன்ற ஆண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிளிப் லேபிளின் நிறத்தையும் பெயரையும் பிரிஃபரன்ஸில் நாமே மாற்றலாம், ரிசால்வில் கிளிப்பை ரைட் கிளிக் செய்தால் 16 நிறம் வரும். கேடென்லைவில் கிளிப்புகள் அடுக்கியிருக்கும் புராஜெக்ட் பின்னில் கிளிப்புக்கு வண்ண டேக் போடலாம், பெயரும் வைக்கலாம். எத்தனை நிறம் கிடைத்தாலும் நான் மூன்றுக்கு மேல் எடுப்பதில்லை: கரும் நீலம், வெளிர் மஞ்சள், நடுவில் ஒரு ஆரஞ்சு. சாயலை விட வெளிச்ச அளவில் வித்தியாசம் இருந்தால் எந்தத் தீமிலும் பிரிந்து தெரியும். உங்களுக்கு முகூர்த்தம் மஞ்சள், ரிசப்ஷன் நீலம் என்று வைத்தால் மறக்கவே மறக்காது.

முகூர்த்தஎடிட்

ரொம்ப நன்றி அண்ணா, தம்பி. நேற்று இரவு எல்லாம் மாற்றினேன். அந்தக் கல்யாணத்தின் புராஜெக்டைத் திறந்து வேவ்ஃபார்ம் பார்த்தால், வேட்டி மேலே முட்டித் தட்டையாகக் கிடந்தது. நான் போட்ட எஃபெக்டை அணைத்ததும் கீழே இறங்கி, மேடு பள்ளம் வந்தது. ஒரிஜினல் ஃபுட்டேஜில் ஜரிகை இருக்கிறது! தாலி கட்டும் ஷாட்டும் பத்திரமாக இருக்கிறது. பழைய வேலைகளில் இரண்டைப் பார்த்தேன், அண்ணா சொன்ன மாதிரியே முடியும் கோட்டும் ஒட்டித்தான் கிடக்கின்றன. இனி அந்தத் தப்பு வராது.

சனிக்கிழமைக்குள் புது பென்டிரைவில் போட்டு அவர்கள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.