பேசிஸ் மாற்றம்: ப-வால் பெருக்குவதா, ப⁻¹-ஆல் பெருக்குவதா? இரண்டு வழியில் போட்டும் ஒரே விடை, ஆனால் புத்தக விடை வேறு

கேள்வி

வணக்கம். நேரியல் இயற்கணிதத்தை நானாகவே படித்து வருகிறேன். வெக்டர் வெளி, நேரியல் சார்பின்மை, பேசிஸ் (மற்ற எல்லா வெக்டர்களையும் கட்டியெழுப்பப் பயன்படும் அடிப்படை வெக்டர்கள்) வரைக்கும் தடையில்லாமல் வந்துவிட்டேன். பேசிஸ் மாற்றத்தில் நின்றுபோனேன்.

கணக்கு இதுதான். புதிய பேசிஸ் ப1 = (2, 1), ப2 = (1, 1). வழக்கமான பேசிஸில், அதாவது (1, 0), (0, 1) என்ற பேசிஸில், வ = (4, 3) என்று ஒரு வெக்டர். புதிய பேசிஸில் அதன் ஆயத்தொலைவுகள் என்ன?

புதிய பேசிஸ் வெக்டர்களை நிரல்களாக வைத்து அணியை எழுதினேன்:

ப =
[ 2  1 ]
[ 1  1 ]

இதற்குப் பெயரே பேசிஸ் மாற்ற அணி. பழையதிலிருந்து புதியதற்குப் போக வேண்டும் என்பதால் வ-வை இதனால் பெருக்கினேன். ப வ = (11, 7) வந்தது. புத்தகத்தில் விடை (1, 2).

சந்தேகம் வந்து வேறு வழியிலும் போட்டேன். ஒரு திசையில் வெக்டரின் கூறு எவ்வளவு என்று தெரிய அந்தத் திசையோடு புள்ளிப் பெருக்கம் எடுப்போம் அல்லவா? வ·ப1 = 8 + 3 = 11. வ·ப2 = 4 + 3 = 7. மறுபடியும் (11, 7)தான்! ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகள் ஒரே எண்களைத் தருகின்றன. அப்படியென்றால் புத்தக விடை அச்சுப் பிழையா?

மறுமொழி 1

புத்தகம் சரி. எந்தச் சூத்திரமும் இல்லாமல் இதைச் சோதிக்கலாம். புதிய பேசிஸில் ஆயத்தொலைவுகள் (1, 2) என்றால் அதன் பொருள், "ப1-ஐ ஒரு தடவையும் ப2-ஐ இரண்டு தடவையும் எடுத்துக் கூட்டினால் வ கிடைக்கும்" என்பது மட்டுமே. கூட்டிப் பாருங்கள்: (2, 1) + 2(1, 1) = (4, 3). கிடைத்துவிட்டது.

உங்கள் விடையையும் அப்படியே கூட்டுங்கள்: 11(2, 1) + 7(1, 1) = (29, 18). இது வேறு எங்கோ கிடக்கும் வெக்டர்.

இப்போது அந்தக் கூட்டலைக் கவனியுங்கள். 1 × (முதல் நிரல்) + 2 × (இரண்டாம் நிரல்) என்பது ப-வை (1, 2) ஆல் பெருக்குவதே. அதாவது ப-வுக்குள் போவது புதிய ஆயத்தொலைவுகள், வெளியே வருவது பழைய ஆயத்தொலைவுகள். உங்களுக்கு வேண்டியது எதிர்த்திசை. எனவே ப⁻¹:

ப⁻¹ =
[  1  −1 ]
[ −1   2 ]

ப⁻¹ வ = (4 − 3, −4 + 6) = (1, 2).

"பேசிஸ் மாற்ற அணி" என்ற பெயரை மட்டும் வைத்துத் திசையை முடிவு செய்யாதீர்கள். சில நூல்கள் ப-வை அப்படி அழைக்கும், சில நூல்கள் ப⁻¹-ஐ. எந்த நூலானாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த அணியின் நிரல்கள் எந்த பேசிஸின் எண்களில் எழுதப்பட்டிருக்கின்றன? (2, 1), (1, 1) இரண்டும் வழக்கமான பேசிஸின் எண்கள். ஆகவே வெளியே வருவதும் வழக்கமான பேசிஸின் எண்களாகவே இருக்கும்.

கேள்வி கேட்டவர்

கூட்டிப் பார்க்கும் சோதனை புரிந்தது, மிக்க நன்றி. ஆனால் புள்ளிப் பெருக்கம் ஏன் அதே (11, 7)-ஐக் கொடுத்தது? அது தற்செயல் என்று நம்ப முடியவில்லை.

மறுமொழி 2

தற்செயல் இல்லை. உங்கள் அணி சமச்சீர் அணி, காரணம் அதுதான். ப வ என்று பெருக்கும்போது வ-வை ப-வின் *நிரைகளோடு* புள்ளிப் பெருக்கம் செய்கிறீர்கள். ப1, ப2 உடன் புள்ளிப் பெருக்கம் எடுக்கும்போது *நிரல்களோடு* செய்கிறீர்கள். சமச்சீர் அணியில் நிரையும் நிரலும் ஒன்று. ஆக நீங்கள் போட்டவை தொடர்பில்லாத இரண்டு வழிகள் அல்ல. ஒரே பெருக்கலை இரண்டு தடவை செய்திருக்கிறீர்கள்.

சமச்சீர் இல்லாத பேசிஸை எடுத்தால் இது உடனே பிரிந்துவிடும். ச1 = (2, 1), ச2 = (3, 2) என்று வைத்துக்கொள்ளுங்கள். வ அதே (4, 3).

ச =
[ 2  3 ]
[ 1  2 ]

ச வ = (17, 10). புள்ளிப் பெருக்கங்கள் 11, 18. சரியான விடை ச⁻¹ வ = (−1, 2). மூன்றும் மூன்று விதம். −(2, 1) + 2(3, 2) = (4, 3) என்று கூட்டியும் பார்த்துக்கொள்ளலாம். பேசிஸ் மாற்றத்துக்குப் பயிற்சிக் கணக்கு தேடுபவர்கள் சமச்சீர் அணியைத் தவிர்ப்பது நல்லது. அதில் ப-வையும் அதன் நிரை-நிரல் மாற்று அணியையும் குழப்பிக்கொண்டாலும் வெளியே தெரியாது.

இருந்தாலும் உங்கள் புள்ளிப் பெருக்கத்தை நான் அப்படியே தூக்கிப் போட மாட்டேன். அது பயனுள்ள எண்களைத்தான் கொடுத்திருக்கிறது. வ = க1 ப1 + க2 ப2 என்று வைத்து, இருபுறமும் ப1-உடன் புள்ளிப் பெருக்கம் எடுங்கள்:

வ·ப1 = க1 (ப1·ப1) + க2 (ப2·ப1)
11 = 5 க1 + 3 க2

ப2-உடன் எடுத்தால்:

7 = 3 க1 + 2 க2

இந்த இரண்டு சமன்பாடுகளையும் தீர்த்தால் க1 = 1, க2 = 2. புத்தக விடை வந்துவிட்டது! அதாவது (11, 7) வழியின் பாதியில் வரும் எண்கள். 5, 3, 3, 2 என்ற எண்களால் ஆன அணிக்கு கிராம் அணி என்று பெயர். பேசிஸ் வெக்டர்களுக்குள் எவ்வளவு நீளம், எவ்வளவு சாய்வு என்ற தகவல் முழுவதும் அதில் இருக்கிறது. ப1-உம் ப2-உம் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும், ஒவ்வொன்றும் ஓரலகு நீளமாகவும் இருந்தால் கிராம் அணி அலகு அணியாகிவிடும். அப்போது புள்ளிப் பெருக்கமே நேராக விடை. பள்ளியில் கூறுகளைக் கண்டுபிடித்தபோது எப்போதும் அப்படிப்பட்ட அச்சுகளே இருந்தன, அதனால்தான் அந்த வழி பொதுவிதி போலத் தோன்றுகிறது. இங்கே ப1·ப2 = 3, பூச்சியம் அல்ல. ப1 திசையில் அளக்கும்போது ப2-வின் பங்கும் அதில் கலந்துவிடுகிறது.

புள்ளிப் பெருக்கத்தாலேயே ஒரே அடியில் விடை வேண்டுமென்றால் ப⁻¹-இன் நிரைகளைப் பயன்படுத்துங்கள்: (1, −1), (−1, 2). முதலாவது ப1-உடன் 1 தரும், ப2-உடன் 0 தரும். இரண்டாவது ப1-உடன் 0 தரும், ப2-உடன் 1 தரும். கலப்பை நீக்கித் தரும் அளவுகோல்கள் அவை. இவற்றுக்கு இரட்டை பேசிஸ் என்று பெயர். நேர்மாறு அணியை வெறும் கணக்கீடாகப் பார்க்காமல் இப்படிப் பார்த்தால் அதன் ஒவ்வொரு நிரைக்கும் ஒரு வேலை இருப்பது தெரியும்.

கேள்வி கேட்டவர்

கிராம் அணி விளக்கம் அருமை. நான் எதிர்பார்க்கவே இல்லை. இன்னும் ஒன்று உறுத்துகிறது. ப என்பது பழைய பேசிஸ் வெக்டர்களைப் புதிய பேசிஸ் வெக்டர்களாக மாற்றுகிறது. (1, 0) உள்ளே போனால் (2, 1) வருகிறது. அப்படியிருக்க ஆயத்தொலைவுகள் மட்டும் ஏன் எதிர்த்திசையில் மாறுகின்றன?

மறுமொழி 1

வெக்டர் மாறவில்லை, அதனால்தான். ஒரு மேசையின் நீளத்தை மீட்டரில் 2 என்று எழுதுகிறீர்கள். அலகை நூறில் ஒரு பங்காகச் சுருக்கி சென்டிமீட்டர் ஆக்கினால் எண் 200 ஆகிறது. அலகு சுருங்கிய அளவுக்கு எண் பெருகியாக வேண்டும், மேசை அதே மேசை. இது ஒரு பரிமாணத்தில் நடக்கும் பேசிஸ் மாற்றம்.

இரு பரிமாணத்திலும் அதேதான். பேசிஸ் வெக்டர்களை ப மாற்றுகிறது. "பேசிஸ் × ஆயத்தொலைவு" என்ற கூட்டுத்தொகை மாறாமல் இருக்க வேண்டும். எனவே ஆயத்தொலைவுகளை ப⁻¹ மாற்றுகிறது, நடுவில் ப ப⁻¹ அலகு அணியாகிக் கரைந்துவிடுகிறது.

உங்கள் வாக்கியத்தில் இரண்டு வேறு செயல்கள் கலந்திருப்பதையும் சொல்ல வேண்டும். (1, 0) என்ற வெக்டரை (2, 1) என்ற *வேறொரு* வெக்டருக்கு நகர்த்துவது ஒரு செயல். ஒரே வெக்டருக்கு *வேறு எண்களை* எழுதுவது இன்னொன்று. இரண்டுக்கும் அதே ப-வைப் பயன்படுத்துகிறோம். எண்கள் ஒன்றாக இருப்பதால் எதைச் செய்கிறோம் என்பதை நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மறுமொழி 3

கணினியில் இதைப் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம்பையில் (NumPy, பைத்தான் மொழியில் அணிக் கணக்குகளுக்கான நூலகம்) பேசிஸ் வெக்டர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி எழுதினால் அவை நிரைகளாகச் சேமிக்கப்படும். மேலே உள்ள சூத்திரங்களுக்கு அவை நிரல்களாக இருக்க வேண்டும். நிரை-நிரல் மாற்றத்தைச் செய்துவிட்டுத் தொடங்குங்கள். மறுமொழி 2-இல் சொன்ன சமச்சீர் பொறி இங்கும் உண்டு: ப-வை வைத்துச் சோதித்தால் கணினி நிரல் சரியாக ஓடுவதுபோலத் தெரியும், ச-வைக் கொடுத்ததும் தவறிவிடும்.

இன்னொன்று, ஒரே ஒரு வெக்டரின் ஆயத்தொலைவுகளுக்காக நேர்மாறு அணியைக் கணக்கிட வேண்டாம். ப க = வ என்ற சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கும் செயற்கூற்றையே அழையுங்கள். வேலையும் குறைவு, தசமப் பிழையும் பொதுவாகக் குறைவு.

கேள்வி கேட்டவர்

அடுத்த பாடத்துக்குப் போனேன். நேரியல் உருமாற்றத்தின் அணியைப் புதிய பேசிஸில் எழுதச் சொல்கிறார்கள். கொடுத்திருப்பது:

உ =
[ 3  −2 ]
[ 1   0 ]

ப⁻¹ உ ப என்று போட்டால் மூலைவிட்டத்தில் 2, 1, மற்ற இடங்களில் பூச்சியம். ப உ ப⁻¹ என்று போட்டால்:

[ 11  −15 ]
[  6   −8 ]

சரிபார்க்க அணிக்கோவையையும் மூலைவிட்டக் கூடுதலையும் எடுத்தேன். இரண்டு அணிகளுக்கும் அணிக்கோவை 2, கூடுதல் 3. உ-வுக்கும் அதேதான். எது சரி என்று எப்படிச் சொல்வது?

மறுமொழி 2

அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. ப⁻¹ உ ப, ப உ ப⁻¹ இரண்டுமே உ-வுக்கு வடிவொத்த அணிகள் (ஒரே உருமாற்றத்தை வேறு வேறு பேசிஸில் எழுதியவை). வடிவொத்த அணிகளுக்கு அணிக்கோவை, மூலைவிட்டக் கூடுதல், ஐகன் மதிப்புகள் எல்லாம் ஒன்றாகவே இருக்கும், நீங்கள் எந்தத் திசையில் போட்டிருந்தாலும். பெருக்கலில் எண் பிசகியிருந்தால் இந்தச் சோதனை பெரும்பாலும் பிடித்துக்கொடுக்கும். திசைப் பிழையைப் பிடிக்காது.

திசைக்கு, வலமிருந்து இடமாகப் படியுங்கள். கையில் இருப்பது புதிய ஆயத்தொலைவுகள். முதலில் ப, அதைப் பழைய எண்களாக்குகிறது. பிறகு உ, தனக்குத் தெரிந்த பழைய எண்களில் வேலையைச் செய்கிறது. கடைசியாக ப⁻¹, விடையைப் புதிய எண்களுக்குத் திருப்புகிறது. வரிசையில் எழுதினால் ப⁻¹ உ ப. மற்றொன்றில் முதல் அடியிலேயே ப⁻¹-க்குப் புதிய எண்களைக் கொடுக்கிறீர்கள், அதற்கு வேண்டியதோ பழைய எண்கள்.

ஒரு வெக்டரை ஓட்டியும் பாருங்கள். உ வ = (12 − 6, 4) = (6, 4). புதிய பேசிஸில் வ = (1, 2), மூலைவிட்ட அணி அதை (2, 2) ஆக்குகிறது. 2(2, 1) + 2(1, 1) = (6, 4). பொருந்துகிறது.

மூலைவிட்ட அணி கிடைத்ததைக் கவனிக்காமல் போய்விடாதீர்கள். ப1, ப2 இரண்டும் உ-வின் ஐகன் வெக்டர்கள், அதாவது உ-வால் பெருக்கினால் ஓர் எண் மடங்காக மட்டும் மாறுபவை. அந்த மடங்கே ஐகன் மதிப்பு. உ (2, 1) = (4, 2), உ (1, 1) = (1, 1). பழைய எண்களில் சிக்கலாகத் தெரிந்த உருமாற்றம், இந்த பேசிஸில் "ஒரு திசையில் இரட்டிப்பாக்கு, மற்றதைத் தொடாதே" என்று சுருங்கிவிட்டது. உ-வைப் பத்து தடவை செலுத்த வேண்டுமானால் 2-ஐப் பத்தாம் அடுக்குக்கு உயர்த்தி 1024 என்று எழுதினால் போதும். பேசிஸ் மாற்றத்தை இவ்வளவு பாடுபட்டுப் படிப்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த காரணம் இதுதான்.

கேள்வி கேட்டவர்

இப்போது வலமிருந்து இடமாகப் படிப்பதை வைத்து நானே ஒன்று போட்டேன். ப-பேசிஸிலிருந்து நேராக ச-பேசிஸுக்குப் போக: முதலில் ப, பழைய எண்களுக்கு. பிறகு ச⁻¹, ச-வின் எண்களுக்கு.

ச⁻¹ ப =
[ 1  −1 ]
[ 0   1 ]

இதை (1, 2) ஆல் பெருக்கினால் (−1, 2). மறுமொழி 2-இல் வந்த அதே விடை. சரிதானே?

மறுமொழி 1

சரி. நிரல்களையும் படித்துப் பாருங்கள். முதல் நிரல் (1, 0): ப1-உம் ச1-உம் ஒரே வெக்டர். இரண்டாம் நிரல் (−1, 1): ப2 என்பது −ச1 + ச2, அதாவது −(2, 1) + (3, 2) = (1, 1). ப-வின் வெக்டர்கள் ச-வின் எண்களில் எழுதப்பட்டிருக்கின்றன, ஆகவே இந்த அணியிலிருந்து வெளியே வருவது ச-வின் எண்கள்.